ஆறில்லாத ஊரில் ஆற்றுப் பாட்டு

போன மார்கழியில் ஒரு சபையின் கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகைக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று வெளியே, தகரக் கூரை போட்ட மண்டபம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீபோட்டுக்கு முன்னால் ஒரு தம்பி, பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒக்டபாட் என்ற மின் தாளக் கருவி, ஒரு பேஸ் கிற்றார், இரண்டு மைக். கீபோட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கோட்ஸ், அதாவது பாட்டுக்கு அடியில் சேர்த்து அமத்துகிற சுரக் கூட்டுகள், பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். முதல் பாட்டு ஜி, டி, ஈ மைனர், சி. இரண்டாவது பாட்டு ஈ மைனர், சி, ஜி, டி. மூன்றாவதுக்குச் சுருதியை மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தரம் அமத்தினான். அதே விரல்கள், அதே நாலு இடம்.

"தம்பி, முதல் பாட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"கீ வேற அண்ணை" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லும் வேற" என்று சேர்த்துக்கொண்டான்.

சும்மா ஒரு விளையாட்டுக்கு, முதல் பாட்டின் இசையை அவனை வாசிக்கச் சொல்லி, மூன்றாவது பாட்டின் பல்லவியை அதன்மேல் பாடும்படி பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கேட்டேன். பானைக்கு மூடி போட்டதுபோல் பொருந்தியது. எல்லோரும் சிரித்தோம். பாஸ்டரும் சிரித்தார். பிறகு ஒத்திகை தொடர்ந்தது, அதே நாலு இடத்தில்.

கோயில் பாட்டு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் திட்ட நான் வரவில்லை. கத்தோலிக்கத் திருப்பலிப் பாடல்களின் கதை வேறு. தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களிலும் மெதடிஸ்த கோயில்களிலும் இன்றைக்கும் மேனாட்டு மெட்டுப் பாமாலையும் தமிழ் மெட்டுக் கீர்த்தனையும் பாடுகிறார்கள். நான் பேசுவது 'வேர்ஷிப்' என்று பிள்ளைகள் சொல்கிற வகையைப் பற்றி: திரையில் வரிகள் ஓட, பாண்டோடு, நின்றுகொண்டு, ஒரு பாட்டை ஏழெட்டு நிமிடம் பாடுவது. போருக்குப் பிறகு பெருகிய சுயாதீன சபைகளில் தொடங்கி, இப்போது மற்றத் திருச்சபைகளின் வாலிபர் கூட்டங்களுக்குள்ளும் அது வந்துவிட்டது. அதில் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வயதானவர்கள் முறைப்படுகிறார்கள். அந்த முறைப்பாடு உண்மைதான். ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதற்கு அவர்கள் சொல்கிற காரணம், அதாவது 'இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குச் சோம்பல்' என்பது, அவ்வளவாகச் சரியில்லை.

இந்த அச்சு வார்க்கப்பட்ட இடம் கலிஃபோர்னியா. 1960-களின் கடைசியில் அங்கே ஹிப்பி இளைஞர்களில் ஒரு பகுதியினர் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பினார்கள். நீள முடி, வெறுங்கால், தோளில் கிற்றார். லாரி நார்மன் என்ற பாடகர் 1969-ல் ரொக் இசையில் இயேசுவைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டபோது அது மெய்யாகவே புதிசு. தேவாலயத்துக்கும் பிடிக்கவில்லை, கடைக்காரருக்கும் பிடிக்கவில்லை. 1971-ல் கோஸ்டா மேசா என்ற ஊரின் கல்வாரி சப்பல் சபை இந்த இளைஞர்களின் பாட்டுகளை வெளியிட 'மரநாதா மியூசிக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இன்றைக்குத் தேய்ந்துபோன அச்சு என்று நாம் அலுத்துக்கொள்வது, பிறந்த நாளில் எவருக்கும் அடங்காத ஒன்றாக இருந்தது.

பிறகு காசு வந்தது. 1992-ல் ஸ்பரோ என்ற கிறிஸ்தவ இசைத்தட்டு நிறுவனத்தை இஎம்ஐ வாங்கியது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-ல், இஎம்ஐயோடு சேர்ந்து அந்தச் சொத்து யுனிவர்சலின் கைக்குப் போனது. பெரிய நிறுவனத்துக்குத் தேவை நிச்சயமாக விற்கும் பாட்டு. ஆனால் அதைவிட ஆழமாக வேலை செய்த இன்னொரு காரணம் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத அது உரிமக் கட்டணம்.

ஒரு காலத்தில் அமெரிக்கத் தேவாலயங்கள் பாட்டுகளைப் படியெடுத்துச் சனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன, எங்கள் ஊர்க் கோயில்களில் ரோனியோ தாள் கொடுத்ததுபோல. பதிப்பாளர் ஒருவர் சிக்காகோ கத்தோலிக்க மறைமாவட்டத்தின்மேல் வழக்குப் போட்டார். 1984-ல் நடுவர் குழு 30 லட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டில் அது அப்படியே நிற்கவில்லை என்றாலும், நாடு முழுவதும் சபைகள் பயந்துபோயின. அந்தப் பயத்துக்கு மருந்தாக 1988-ல் ஒறிகனில் சிசிஎல்ஐ என்ற உரிம நிறுவனம் வந்தது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் திரையில் போடலாம், படியெடுக்கலாம். எந்தப் பாட்டைப் பாடினோம் என்று சபை அறிக்கை கொடுக்க வேண்டும். அதிகமான சபைகள் பாடுகிற பாட்டை எழுதியவருக்கு அதிகப் பணம்.

ஒருவர் வீட்டில் இருந்து கேட்டு ரசிக்கிற பாட்டைவிட, உலகம் முழுவதும் தேர்ச்சியில்லாத பாண்டுகள் ஞாயிறு காலையில் வாசிக்கக்கூடிய பாட்டுக்குத்தான் இந்த ஏற்பாட்டில் வருமானம். அப்படியானால் பாட்டு எப்படி இருக்க வேண்டும்? மூன்று மாதம் கிற்றார் பழகிய பிள்ளைக்கு வாசிக்க வரவேண்டும். ஆகவே நாலு கோட்ஸ். பாடத் தெரியாத ஆளுக்கும் எட்ட வேண்டும். ஆகவே மெட்டு ஒரு ஸ்தாயியைப் பெரிதாகத் தாண்டக்கூடாது. இரண்டாம் தரம் கேட்கும்போதே பிடிபட வேண்டும். ஆகவே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, மெதடிஸ்த, யாரும் முகம் சுழிக்கக்கூடாது. ஆகவே சொல்லும் பொதுவாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே நியாயமானதுதான். எல்லாவற்றையும் சேர்த்து வடித்தால் வருவது ஒரே கஞ்சி.

சிட்னியின் புறநகரில் 1983-ல் தொடங்கிய ஹில்சாங் சபை இந்தக் கஞ்சியை உலகம் முழுவதற்கும் ஊற்றக் கற்றுக்கொண்டது. பின்னால் கலிஃபோர்னியாவின் ரெடிங் ஊர் பெத்தேல் சபை, வட கரோலைனாவின் எலிவேஷன் சபை, அட்லாண்டாவின் பஷன் கூட்டம் ஆகியவை சேர்ந்துகொண்டன. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அமெரிக்கச் சபைகள் அதிகம் பாடிய பாட்டுகளின் முதல் 25 பட்டியலுக்குள் புதிதாக நுழைந்தவற்றை ஆய்வாளர் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். 38 பாட்டுகள். அதில் 36-க்கு இந்த நாலு சபைகளோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. அவ்வளவு பெரிய நாட்டில் பாட்டு எழுதுகிற அடுப்பு நாலே நாலு.

ஒலியும் அப்படித்தான். டப்ளின் நகரத்து யூ2 குழுவின் கிற்றார்க்காரர், தட்டிய சுரம் எதிரொலித்து எதிரொலித்து மினுங்குகிற ஒரு வாசிப்பை 1980-களில் கொண்டுவந்தார். மண்டபம் பெரிதாகத் தோன்றுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. வேர்ஷிப் இசை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கீழே விடாமல் இழைகிற 'பேட்' சத்தம். மெதுவான சரணம், பல்லவியில் றம்ஸ், பிறகு 'பிரிட்ஜ்' என்ற பகுதி நாலு தரம், எட்டுத் தரம், ஒவ்வொரு தரமும் சத்தம் ஏறி, உச்சியில் ஒரு எட்டுச் சுரம் மேலே தாவி, சட்டென்று அடங்கி மறுபடி மெதுவாக. எந்த இடத்தில் கை தூக்க வேண்டும் என்று சனத்துக்குச் சொல்லவே தேவையில்லை. இப்போது மூலப் பதிவின் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக இணையத்தில் விற்கிறார்கள். அதை ஓடவிட்டு, காதில் கிளிக் சத்தத்தைக் கேட்டபடி, அதன்மேல் பாண்ட் வாசிக்கலாம். ஆக, இசையமைப்பும் வாங்கியதுதான்.

அது அங்கத்தைய கதை. யாழ்ப்பாணத்துக்கு அது நேராக வந்து இறங்குவதில்லை. சென்னை வழியாக வருகிறது.

இந்தியாவிலிருந்து பாட்டு வருவது புதிசில்லை. 1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போன காலத்தில், பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோவும் கசெட்டும் கேட்டோம். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் கேட்பது. மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார். சுருதி இழுபட்டுக் கீழே இறங்கும். அப்படிக் கேட்ட கசெட்டுகளில் தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களும் உண்டு. அவையும் எளிய பாட்டுகள்தான், அவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் வரிகள் உண்டு. ஆனாலும் மெட்டு தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தது. கைத்தாளம் போட வரும். பஜனைக்கும் நாட்டுப் பாட்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும்.

இப்போது வருகிற சென்னைப் பாட்டு வேறு. அங்கே நல்ல ஸ்ரூடியோக்கள் இருக்கின்றன, சினிமாவில் வாசிக்கிற கைதேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சு சிட்னியினுடையது, மேலே தெளித்திருப்பது ஒரு புல்லாங்குழலும் கொஞ்சம் தபேலாவும். அதை யூடியூபில் கேட்டு, கரோக்கி இறக்கி, நாங்கள் இங்கே பாடுகிறோம். நகலின் நகல். போட்டோக் கொப்பியை மறுபடி போட்டோக் கொப்பி எடுத்தால் எழுத்து மங்குமே, அந்த மங்கல் பாட்டில் எங்கே தெரிகிறது என்றால், சொல்லில்.

ஆங்கிலப் பாட்டு அசையழுத்தத்தில் நடக்கிறது. தமிழ் குறில் நெடிலில் நடக்கிறது. குறிலை இழுத்தால் தமிழ்ச் சொல் வேறு சொல்லாகிவிடும், அல்லது சொல்லே இல்லாமல் போய்விடும். ஆங்கில மெட்டுக்கு அளந்து வெட்டிய சட்டையைத் தமிழுக்குப் போடும்போது நீளமான சுரம் குறிலின் தலையில் வந்து உட்காருகிறது. 'கிருபை' 'கிரூபை' ஆகிறது. 'மகிமை' 'மகீமை' ஆகிறது. 'உமது' 'உமாது' ஆகி, யாரோ உமா என்ற பெண்ணைப் பற்றிய பாட்டுப்போல் கேட்கிறது. கீர்த்தனை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அவர்கள் முதலில் சொல்லின் அளவைப் பார்த்தார்கள், எதுகை மோனை பார்த்தார்கள், பிறகு சுரம் போட்டார்கள்.

இன்னொன்று உண்டு, எனக்கு அது இன்னும் உறுத்தும். எங்கள் அம்மாக்கள் ஆண்டவரை 'நீர்', 'உம்முடைய' என்று ஜெபித்தார்கள். மனம் உடைந்த நேரத்தில் 'எங்கட பிள்ளையளைப் பாரும் ஆண்டவரே' என்று வீட்டுத் தமிழுக்கு இறங்குவார்கள். புதிய பாட்டுகளில் கடவுள் 'நீங்க' ஆகிவிட்டார். 'உங்க கிருபை', 'உங்க அன்பு', 'நீங்க போதும்'. சென்னைப் பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சு, நெருக்கத்துக்காக அப்படி எழுதுகிறார்கள், நல்லது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டில் 'உங்கட' என்றுதான் பேசும். 'உங்க' என்பது அதற்குச் சினிமாவில் கேட்ட பேச்சு. அப்படியென்றால் நெருக்கத்துக்காக வந்த சொல்லே எங்களுக்குத் தூரத்துச் சொல். ஒரு பாட்டிலாவது 'உங்கட' என்று வரட்டுமே என்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன். "ஐயோ அங்கிள், பகிடி பண்ணுவினம்" என்றாள். தன் தாய் பேசுகிற தமிழில் பாடினால் பகிடி. இந்தக் கூச்சம் வேறு இசையில் எங்களுக்கு இருந்ததில்லை. 1970-களின் பொப்பிசையில் நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே மாமியையும் கள்ளுக்கடையையும் பாடினார். இலங்கை முழுக்கப் பாடியது.

சரி, சொற்களஞ்சியத்துக்கு வருவோம். கேட்கிற பத்துப் பாட்டில் ஆறேழிலாவது நதி பாயும், பெருமழை பெய்யும், அக்கினி இறங்கும், சமுத்திரம் பொங்கும். வேதாகமத்திலேயே ஆறு இருக்கிறது, யோர்தான் இருக்கிறது, அதைப் பாடுவதில் தவறில்லை. ஆனால் குடாநாட்டில் ஆறு கிடையாது. ஆறு என்ற பெயரில் ஒன்று உண்டு, வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கமிருந்து மாரியில் வழிந்து அராலிக் கடலில் விழும். கோடையில் அதற்குள் மாடு கட்டலாம். எங்கள் சீவியம் கிணற்றில். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கீழே உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். நல்ல தண்ணீர்க் கிணறு எந்த வளவில் இருக்கிறது என்பது கலியாணம் பேசும்போதும் விசாரிக்கிற விஷயமாக இருந்தது. யார் யார் கிணற்றில் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பதில் சாதி இருந்தது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த காலத்தில் சனம் போத்தலோடு தண்ணீர்ப் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்றது.

இதெல்லாவற்றுக்கும் நேராகப் பொருந்துகிற கதை யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சமாரியப் பெண் ஒருத்தி கிணற்றடிக்கு வருகிறாள். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாத சாதியைச் சேர்ந்தவர் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் பிரசங்கமே தேவையில்லாத அதிகாரம் அது. வாசித்தாலே போதும், ஆட்கள் தலையைக் குனிவார்கள். துலாவும் கப்பியும் வாளியும் வருகிற ஒரு வேர்ஷிப் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. நதிதான் பாய்கிறது.

இனி, இரவல் வாங்குவதே பிழை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. தமிழ்க் கிறிஸ்தவம் இரவலில்தான் வளர்ந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் இந்தக் குடாநாட்டில் எழுதப்பட்ட ஞானப்பள்ளு, வயலில் பள்ளர் பாடிய பாட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. பள்ளனின் மனைவியரான பள்ளிகள் தங்கள் நாட்டு வளம் பாடுகிற இடத்தில் செருசலேமும் உரோமாபுரியும் வருகின்றன. மதுரை, திருவாரூர் என்று வரவேண்டிய இடத்தில் செருசலேம்! இப்படி ஒரு துணிச்சலை இன்றைக்கு எந்த ஸ்ரூடியோவில் பார்க்கலாம்? 1647-ல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் கிளாலிக் கோயிலின் சந்தியோகுமையோரை, அதாவது புனித யாகப்பரை, பாட, பெண்கள் காய் ஆடும்போது பாடுகிற அம்மானையை எடுத்தார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மலைக்குறத்தி குறி சொல்கிற குறவஞ்சியைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். அவருடைய கீர்த்தனைகளை 1850-களில் தொகுத்து அச்சிட்ட எட்வர்ட் வெப், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். அந்த மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாகப் போனது. ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்துக் கொடுப்பதைவிட இது சனத்துக்கு ஏறுகிறது என்று ஒரு அமெரிக்கருக்கே தெரிந்திருந்தது.

பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போட்டிருக்கும். மெட்டு யாரோ ஒருவருடையது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பாஷையூர், குருநகர், நாவாந்துறை, மாதகல் பக்கங்களின் கத்தோலிக்கக் கூத்துகளும் அப்படித்தான். தென்மோடி ஆட்டம், மத்தளம், தாளம், விருத்தம், தரு எல்லாம் ஊருக்குப் பொது. அதற்குள் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் புனிதர்களின் கதையை ஏற்றுவார். விடிய விடிய ஆட்டம். கடலுக்குப் போகிறவன் ஏரோது ராசாவாக வருவான், அடுத்த நாள் வலை தெரிவான். 1965-ல் மரியசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கித் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரும் அரங்குக்குக் கொண்டுவந்தபோதும் இந்த இருப்பிலிருந்துதான் எடுத்தார்.

அந்த இரவலுக்கும் இந்த இரவலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பள்ளு, அம்மானை, குறவஞ்சி, தரு, இவையெல்லாம் வெறும் பாத்திரம். உள்ளே போடுகிறவன் தன் கையால் ஆக்கிப் போட வேண்டும். வடிவம் அவனிடம் வேலை வாங்கும். நாட்டு வளம் பாடு என்று பள்ளு கேட்கும். பாடுவதற்கு உனக்கு நாடு தெரிந்திருக்க வேண்டும். வேர்ஷிப் பாட்டு ஆக்கிப் பொதி கட்டி வருகிற சோறு. கோட்ஸ், தாளம், பேட், பிரிட்ஜ், எங்கே அழ வேண்டும் என்பது வரை உள்ளே இருக்கிறது. எங்களிடம் அது கேட்பது ஒன்றும் இல்லை.

அது கொண்டுவராத ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தவக்காலத்தில் கரையோரக் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) என்ற கோவா நாட்டுக் குருவானவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் இலங்கைக்கு வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர், செய்து வைத்த நூல் அது. வாசிப்பது என்று பெயர், ஆனால் குரல் ஒப்பாரியின் இழுவையில் போகும். ஒரு முறை நான் கேட்டபோது வாசித்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிவிட்டு, ஓரம் கருகியதுபோல் பழுத்த போட்டோக் கொப்பித் தாள்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டு வந்தார். மைக் இருந்தது, வாத்தியம் இல்லை. தாய் மகனின் உடலைப் பார்த்து அரற்றுகிற இடம் வந்ததும் ஒரு மூச்சுக்கு நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர். அந்த வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் மகனின் உடலையே பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். 88-ஆம் சங்கீதத்தில் கடைசியில்கூட ஆறுதல் இல்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள். 'எவ்வளவு காலம் ஆண்டவரே' என்று கடவுளிடம் சண்டை பிடிக்கிற பாட்டுப் புத்தகம் அது. வேர்ஷிப் அச்சில் அந்தப் பாட்டுக்கு இடமில்லை. ஏனென்றால் அச்சு மேல்நோக்கி ஏறுவதற்காகவே செய்யப்பட்டது. சரணத்தில் இரண்டு வரி கண்ணீர் வரலாம். பல்லவிக்குள் துடைத்துவிட வேண்டும். பிரிட்ஜில் வெற்றி. 1995 ஜூலை 9-ம் தேதி நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30-ம் தேதி குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரை விட்டு மழைக்குள் நடந்தது. அதற்குப் பிறகு 2009. இவ்வளவையும் சுமக்கிற ஒரு சனத்தின் கையில் துடைப்பதற்கான பாட்டு மட்டும் இருக்கிறது. அழுவதற்கான பாட்டு தவக்காலத்தில், கரையோரத்தில், கண் மங்கிய ஒரு முதியவரின் தாள்களில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன். கீர்த்தனை பாட குரல் வேண்டும், பயிற்சி வேண்டும், பாடகர் குழாத்தில் இடம் வேண்டும். அந்த இடம் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை. சங்கீதம் தெரிந்த குடும்பங்கள், படித்த குடும்பங்கள் என்று ஒரு வேலி இருந்தது. நாலு கோட்ஸ் அந்த வேலியை மிதித்துப் போட்டுவிட்டது. அந்தத் தகரக் கொட்டகையில் கீபோட் வாசித்த தம்பியின் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். பழைய கோயிலில் அவனுக்கு ஆர்மோனியத்தைத் தொட விட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலருகே நின்று நாலு பேர் இந்தப் பாட்டில் ஒன்றை மெல்லப் பாடியதையும், படுத்திருந்தவரின் உதடு அசைந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குக் கோட்ஸ் எண்ணத் தோன்றவில்லை.

ஒத்திகை முடிந்து வயர் சுற்றும்போது அந்தத் தம்பி கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்றைச் சொன்னான். தானும் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருக்கிறானாம். சங்கீதம் ஒன்றின் நாலு வரி. அம்மம்மா வீடு நாவாந்துறைப் பக்கம். சின்ன வயதில் கூத்துப் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஞாபகத்தில் மெட்டுப் போட்டிருக்கிறான். வாய்க்குள் பாடிக் காட்டினான். முழங்காலில் தட்டிய தாளம் நாலில் நிற்கவில்லை, நொண்டி நொண்டிப் போனது. இரண்டாவது வரியில் 'எங்கட' என்று வந்தது.

"இதை ஏன் ஒளிவிழாவுக்குப் பாடேல்லை?"

"பாஸ்டரிட்டைக் கேட்டனான். நல்லாத்தான் இருக்கு எண்டவர். ஆனா யூடியூபில இல்லாத பாட்டைச் சனம் எப்பிடிப் பாடும் எண்டு கேட்டார்."

பாஸ்டர் கேட்டதிலும் ஞாயம் இருக்கிறது. வாலிபர்கள் சனிக்கிழமையே இணைப்பை வட்ஸப் குழுவில் போட்டு, எல்லோரும் கேட்டுப் பழகிக்கொண்டு வருவார்கள். ஒருவர் முன்னே நின்று சொல்லிக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பழக்கம் அங்கே இல்லை.

தை மாதம் போல் அவன் வட்ஸப்பில் ஒரு இணைப்பு அனுப்பினான். யூடியூபில் ஏற்றியிருந்தான். தாளம் நாலுக்கு வந்திருந்தது. கீழே பேட் சத்தம் இழைந்துகொண்டிருந்தது. 'எங்கட' இருந்த இடத்தில் 'எங்க' இருந்தது. கடைசியில், பிரிட்ஜுக்கு முன்னால், இசை எல்லாம் நின்று நாலு விநாடிக்கு மத்தளம் மட்டும் கேட்டது.